பூட்டிய வீட்டுக் கையெழுத்து

சட்டைப் பையில எப்பவும் ரெண்டு பேனா வச்சிருப்பேன். ஒண்ணு நீலம், ஒண்ணு கறுப்பு. பாக்குறவங்க, பய பொறுப்பானவன்னு நெனச்சிருப்பாங்க. உள்ள இருந்த சமாச்சாரம் வேற. ஒரே ஷீட்டுல எட்டு வீட்டுக் கையெழுத்தையும் நானே போடணும்னா, ஒரே மையில போட முடியுமா? மேனேஜர் கண்ணுல பட்டுறாது? அதுக்குத்தான் ரெண்டு பேனா.

தொண்ணூறுகளோட கடைசி அது. மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்துல, ஒரு மாடிப்படிக்குக் கீழ இருந்துச்சு எங்க கூரியர் ஆபீஸ். டெலிவரிக்கு ஆறு பேர். அஞ்சு பேருக்கு டவுனு. எனக்கு வாய்ச்சது சமயநல்லூர், சோழவந்தான் லைன். காலையில எட்டரைக்குக் கவரையெல்லாம் பையில அடுக்கிக்கிட்டு மொபெட்ல கெளம்புனா, திரும்பி வர மூணு மணி ஆயிரும்.

ரூலு என்னமோ ஒண்ணுதான். மேனேஜர் அதை எழுதிச் சுவத்துலயே ஒட்டியிருப்பாரு: கையெழுத்து வாங்காமல் கவர் கொடுக்கக் கூடாது. வீடு பூட்டியிருந்தா கதவுல ஒரு சீட்டைச் சொருகிட்டு, கவரைத் திரும்பக் கொண்டாந்துரணும். மறுநாள் போகணும். அன்னைக்கும் பூட்டியிருந்தா அதுக்கு மறுநாளும் போகணும். மூணு நாளும் ஆள் இல்லேன்னாத்தான் அனுப்புனவருக்கே ரிட்டர்ன். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சாயங்காலம் நாலு கவரை ரிட்டர்ன்னு அவரு மேசையில வச்சுப் பாருங்க. "ஊரு சுத்திப் பாத்துட்டு வந்தியா? எந்த டீக்கடையில ஒக்காந்து பேப்பர் படிச்ச?"ன்னு சந்து முழுக்கக் கேக்குற மாதிரி வைவாரு. சுவத்துல ஒரு ரூலு, வாயில ஒரு ரூலு. நாங்க பயந்தது வாயில இருந்த ரூலுக்குத்தான்.

சோழவந்தானைப் பத்தித் தெரியும்ல, வெத்தலை ஊரு. விடியுறதுக்கு முன்னாடியே ஆம்பள பொம்பள அம்புட்டுப் பேரும் கொடிக்காலுக்கு, அதான் வெத்தலைத் தோட்டத்துக்கு, கிளம்பிப் போயிருவாக. நான் போய்ச் சேர்ற பதினோரு மணிக்குத் தெரு தெருவாப் பூட்டுத்தான் தொங்கும். பக்கத்து வீட்டுல குடுக்கலாம்னா பக்கத்து வீட்டுக்காரரும் கொடிக்கால்லதான் இருப்பாரு. ரூல்படி நடந்தா அந்த ஊருக்கு ஒரு கவர் கூடப் போய்ச் சேராது.

அதனால எனக்குன்னு ஒரு முறை வச்சிருந்தேன். கரண்டு மீட்டர் பெட்டி இருந்தா அதுக்குள்ள. கதவுக்கடியில இடம் இருந்தா தள்ளிவிட்டுறது. இல்லேன்னா ஜன்னல்ல சொருகிருவேன், ஆடு கட்டியிருக்கிற வீட்டுல மட்டும் அது ஆகாது. ஒரு தடவை ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பாதி தின்னுருச்சு. எல்லாத்தையும் விட தோதான இடம் கூடை. வெத்தலைக் கூடை ஒண்ணு வெறுங்கூடையா எல்லார் வீட்டு வாசல்லயும் கவுந்து கெடக்கும். அதைத் தூக்கிக் கவரை அடியில வச்சு மூடிட்டா காத்தும் அண்டாது, ஆடும் அண்டாது. அப்புறம் வண்டி மேல ஷீட்டை வச்சு, ஆம்பள பேருன்னா வலது கையால ஒரு கிறுக்கல், பொம்பள பேருன்னா இடது கையால மெதுவா ஒரு கையெழுத்து. யாரு வாங்குனதுங்கிற கட்டத்துல 'நேரில்'னு எழுதிருவேன். ஒண்ணரை வருசம் ஒரு பொல்லாப்பும் வரல. எனக்கே என் மேல ஒரு மெதப்பு வந்துருச்சு.

அன்னைக்குப் புதன்கிழமை. ஐப்பசித் தூறல் விட்டு விட்டுப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. பையில கடைசியா மிச்சம் இருந்தது ஒரே ஒரு கவரு. சென்னையிலருந்து வந்தது, தடியான பிரவுன் கவரு, ஒரு பொண்ணு பேருக்கு. மேல செவப்பு மையில 'ஒரிஜினல் சர்டிபிகேட். மடிக்காதீர்கள்'னு எழுதியிருந்துச்சு. படிச்சேன். படிக்காம வைக்கலங்கிறதை இங்கயே சொல்லிர்றேன்.

வீடு பூட்டியிருந்துச்சு. வாசல்ல கவுந்த கூடை இல்ல. நிமிந்த கூடை ஒண்ணு சாக்குப் போட்டு மூடியிருந்துச்சு, கூடைக் கைப்பிடியில அடையாளத்துக்குப் பச்சைத் துணி கட்டி. சாக்கைத் தூக்கிப் பாத்தேன், மேல வாழைச்சருகு. சரி, நாளைக்கு வெத்தலை கட்டுறதுக்குச் சருகு எடுத்து வச்சிருக்காக, சாயங்காலம் வந்ததும் இதைத்தான தொடுவாகன்னு நெனச்சேன். சாக்கு ஈரமா இருந்துச்சு, தூறல்ல நனைஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். சருகுக்கடியில கவரைச் சொருகிட்டு, கறுப்புப் பேனாவை எடுத்து இடது கையால அந்தப் பொண்ணு கையெழுத்தைப் போட்டுட்டு, மழை வலுக்குறதுக்குள்ள கெளம்பிட்டேன்.

மறுநாள் காலையில கவரை அடுக்கிக்கிட்டு இருக்கேன், ஆபீஸ்ல போன் அடிச்சுச்சு. மேனேஜர்தான் எடுத்தாரு. "சோழவந்தானா? பேரு சொல்லும்மா"ன்னு நேத்து ஷீட்டைப் புரட்டுனாரு. "நேத்தே குடுத்தாச்சேம்மா. பதினொண்ணேகாலுக்கு நீயே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்க." அந்தப் பக்கம் என்ன சொன்னாகளோ, அவரு மெதுவாத் தலையைத் தூக்கி என்னையப் பாத்தாரு.

போனைக் கையால பொத்திக்கிட்டுக் கேட்டாரு, "நேத்து அந்த நேரம் அந்தப் பொண்ணு மதுரையில மாட்டுத்தாவணியில பஸ்ஸுக்கு நின்னுச்சாம்டா. யாருகிட்டக் குடுத்த?"

"ஒரு பொண்ணு வந்துச்சு சார். தங்கச்சியா இருக்கும்."

"தங்கச்சியே கெடையாதாம்."

அவரு போனை வச்சுட்டு என் பக்கம் திரும்புனாரு. "ஓடு. போயி எடுத்துக் குடுத்துட்டு வா. போலீஸ் அது இதுன்னு என் வாசலுக்கு வந்துச்சு, ஷீட்டுல இருக்கிறது உன் எழுத்துன்னு நானே காமிச்சுக் குடுத்துருவேன்"ன்னாரு. போலீஸ்ங்கிற அந்த ஒரு சொல்லுதான். சமயநல்லூர் தாண்டுற வரைக்கும் அதுவே காதுல கேட்டுக்கிட்டு இருந்துச்சு. பொய்க் கையெழுத்துக்கு எத்தனை வருசம் போடுவாகன்னு யாருகிட்டயாவது கேக்கணும் போல இருந்துச்சு, யாருகிட்டக் கேக்குறது? கல்யாணமாகி அப்ப ஆறு மாசம். மாமனார் மொகம் வேற கண்ணு முன்னாடி வந்து வந்து போச்சு.

அந்தப் பொண்ணு வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. இருபத்தி மூணு வயசு இருக்கும். கத்தும், நாலு பேரைக் கூட்டும்னு நெனச்சுக்கிட்டுப் போனேன். ஒண்ணும் செய்யல. "எங்கண்ணே வச்சீங்க?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

"கூடையிலம்மா."

"கவுந்த கூடையா, நிமிந்த கூடையா?"

"நிமிந்த கூடை. பச்சைத் துணி கட்டுன கூடை."

"ஆத்தாடி"ன்னு அப்படியே வாசப்படியில ஒக்காந்துருச்சு. கவுந்தது வெறுங்கூடை, நிமிந்தது லோடுன்னு அந்த ஊருல பால் குடிக்கிற பிள்ளைக்குக் கூடத் தெரியும். கிள்ளுன வெத்தலையை அடுக்கி, மேல சருகு போட்டு, ஈரச் சாக்கால மூடி வாசல்ல வச்சுட்டுத் திரும்பக் கொடிக்காலுக்குப் போயிருவாக. மத்தியானம் லோடு வேன் வந்து வீடு வீடா அள்ளிக்கிட்டு மதுரை வெத்தலைக் கடைகளுக்குப் போயிரும். அங்க வாடாம இருக்கச் சாக்கு மேல தண்ணி தெளிச்சுக்கிட்டே இருப்பாக. ஒண்ணரை வருசமா அந்தத் தெருவுல போயிட்டு வந்தவன், கூடை எதுக்கு நிமிந்திருக்குன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் யோசிச்சேனா? கூறுகெட்டவன்.

தண்ணி தெளிப்பாகன்னு அந்தப் பொண்ணு சொன்னதும்தான் எனக்கு விசயமே ஒறைச்சுச்சு. தொலைஞ்ச கவரைத் தேடிக் கண்டுபிடிச்சுறலாம். நனைஞ்ச சர்டிபிகேட்டை என்ன செய்ய?

அந்தப் பொண்ணு நர்சு. சென்னையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வேலை பாத்திருக்கு. வேலையை விட்டுப் போயிறக் கூடாதுன்னு ஒரிஜினலையெல்லாம் வாங்கி வச்சுக்கிட்டு, விட்டு வந்தப்புறமும் குடுக்காம அலைய விட்டு, இப்பத்தான் அனுப்பியிருக்காக. மறுநாள் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மதுரையில சர்டிபிகேட் சரிபாக்குறாக. கவர்மெண்டு ஆஸ்பத்திரி வேலை. ஒரிஜினல் இல்லேன்னா பேரை அடிச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாக. இதைச் சொல்லும்போதும் அது அழல, நகத்தைக் கடிச்சுக்கிட்டே சொல்லுச்சு. அழுதிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் தேவலையா இருந்திருக்கும்.

மதுரைக்கு அது பஸ்ஸுல, நான் மொபெட்ல. "பஸ்ஸுக்குப் பின்னாடியே வாங்கண்ணே"ன்னு சொல்லிட்டு, கடைசி சீட்டு ஜன்னலோரம் ஒக்காந்துக்கிச்சு. ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்க தலையை வெளிய நீட்டி நான் வாரேனான்னு பாக்கும். நானும் இந்தா வாரேன்னு கையைத் தூக்கிக் காமிப்பேன். சமயநல்லூர்ல இடது பக்கம் ஒரு ரோடு பிரியும். அங்க ஒரு நிமிசம், இப்படியே திரும்பி எங்குட்டாவது போயிறலாமான்னு தோணுச்சு. சத்தியமாத் தோணுச்சு. அந்த நேரம் பாத்து அந்தத் தலை வெளிய வந்துச்சு. கையைத் தூக்குனேன், நேராப் போனேன்.

அவுக வீட்டுக் கூடை போற வெத்தலைக் கடையில ஒரு பெரியவரு கல்லாவுல ஒக்காந்திருந்தாரு. வியாபாரம் முடிஞ்சு தரை பூராவும் தண்ணியும் காம்புமா கெடந்துச்சு. பச்சைத் துணி கட்டுன கூடைன்னதும், அவரு கைய மேல காட்டுனாரு. துண்டு காயப்போடுற கொடிக்கயித்துல எங்க கவரு ரெண்டா மடிஞ்சு தொங்குது. மடிக்காதீர்கள்னு எழுதியிருந்த இடத்துலதான் மடிப்பு. "கூடையை அவுத்தா வெத்தலைக்கு நடுவுல இது. ஊறிப்போயிக் கெடந்துச்சு தம்பி. இப்படி எவன் போட்டான், மடப்பய?"ன்னாரு. அந்தப் பொண்ணு என்னையப் பாக்கல. நான் தரையைப் பாத்தேன்.

கவரைப் பிரிக்க அதுக்குக் கை வரல. "நீங்க பிரிங்கண்ணே"ன்னுச்சு. பத்தாவது மார்க் ஷீட்டு, பன்னெண்டாவது மார்க் ஷீட்டு, ரெண்டும் அச்சு. ஓரம் நெளிஞ்சிருந்துச்சு, எழுத்து நின்னுருச்சு. மூணாவது நர்சிங் சர்டிபிகேட். அது மை ஊத்துன பேனாவால எழுதுனது. பேரு இருந்த இடத்துல நீலமா ஒரு கறை. முத்திரை இருந்த இடத்துல ஊதாவா ஒரு கறை. பேரும் இல்ல, முத்திரையும் இல்ல. மூணு வருசப் படிப்பு என் கையில சொதசொதன்னு இருந்துச்சு.

எதிர்த்தாப்புல டீக்கடை. ஒக்காந்தோம், டீ யாரும் குடிக்கல. அது சொல்லுச்சு: "இதை அப்படியே கொண்டு போனா, நானே அழிச்சு மாத்தி எழுதப் பாத்தேன்னு சொல்லுவாங்க. உண்மையில என்ன நடந்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுங்கண்ணே. என்கிட்டக் குடுக்கல, என் கையெழுத்தை நீங்க போட்டீங்க, கூடையில வச்சீங்க, அங்க நனைஞ்சுச்சு. அம்புட்டுத்தான். கீழ உங்க பேரெழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எனக்குச் சுருக்குனு கோபம் வந்துச்சு. பயம் வந்தா எனக்குக் கோபமாத்தான் வரும், இன்னைக்கும் அப்படித்தான். "ஏம்மா, வெளையாடுறியா? அதை எழுதிக் குடுத்தா அது நானே என்னையப் புடிச்சுக் குடுக்குற மாதிரி. எனக்கு வேலை போயிரும்மா."

"எனக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிருமேண்ணே."

கடைக்காரர்கிட்ட ஒரு வெள்ளைத்தாள் வாங்குனேன். நீலப் பேனாவை எடுத்து எழுதுனேன். 'நான் கையெழுத்து வாங்கவில்லை'ங்கிற வரியில ரெண்டு தடவை நின்னேன். கடைசியில என் பேரு, என் விலாசம், என் கையெழுத்து. அது வாங்கி ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு, "நாளைக்கு நீங்களும் வரணும்ணே"ன்னுச்சு.

ஆபீஸுக்குப் போயி மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டதுக்கு ஒரு வார்த்தை கேக்கல. "எழுதிக் குடுக்கச் சொல்லி எவன்டா சொன்னான் உன்னைய?"ன்னு அதுக்குத்தான் அந்தக் கத்துக் கத்துனாரு. "நாளைக்கு அங்க போனேன்னா திரும்ப இங்க வராத"ன்னாரு.

போனேன். வேலை போறது வேற பயம். அந்தப் பொண்ணு ஜன்னலுக்கு வெளிய தலையை நீட்டி நீட்டிப் பாத்துச்சே, இன்னைக்கும் அப்படி ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னா நான் என்ன மனுசன்? அந்த நெனப்பு இந்தப் பயத்தை விடப் பெருசா இருந்துச்சு.

சர்டிபிகேட் சரிபாக்குற ஆபீஸ் வராண்டாவுல, பெஞ்சுல முப்பது பேர் இருப்பாங்க. எல்லார் மடியிலயும் பிளாஸ்டிக் ஃபைலு. அந்தப் பொண்ணு மடியில மட்டும் ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சுக் காய வச்ச அந்தத் தாள். பேரைக் கூப்பிடவும் உள்ள போச்சு. பத்து நிமிசத்துல பியூன் வந்து, "கூரியர்காரன் யாருப்பா?"ன்னான். எந்திரிச்சு அவன் பின்னாடியே போனேன்.

உள்ள ஒரு ஆபீசரம்மா. கண்ணாடிக்கு மேல என்னையப் பாத்தாங்க. முன்னாடி என் கடிதாசி. "இதை நீதான் எழுதுனியா?"

"ஆமாங்க மேடம்."

"இது உன் கையெழுத்துதானா?"

"ஆமாங்க."

"நீதான் அடுத்தவங்க கையெழுத்தை நல்லாப் போடுவியே, உன்னைய எப்படி நம்புறது? இந்தா, இந்தத் தாள்ல போட்டுக் காமி."

போட்டேன். கை வெடவெடன்னு ஆடுது. பேரோட கடைசி எழுத்து கீழ இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. அவங்க ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டுத் தலையை ஆட்டுனாங்க. "இது வேற, அது வேற. இன்னொருக்கப் போடு." போட்டேன். அது இன்னும் மோசம். மூணாவது தடவை பேனா தாளைக் கிழிச்சிருச்சு. எத்தனை வீட்டுக் கையெழுத்தை வண்டி மேல வச்சு, மழையில, வெயில்ல, இடது கையால கூடப் போட்டவன் நான். என் சொந்தக் கையெழுத்து எனக்கு வரல. அந்தம்மா பேனாவை மூடப் போனாங்க. அவ்வளவுதான், அந்தப் பிள்ளைக்கு வேலை போச்சு, என்னாலதான் போச்சு, இங்கருந்தே என்னையப் போலீஸ்ல குடுக்கப் போறாங்கன்னு நெனச்சேன்.

அப்பத்தான் பக்கத்துல நின்ன அந்தப் பொண்ணு சொல்லுச்சு. "கையை ஒதறிட்டுப் போடுங்கண்ணே. உள்ளதைத்தான எழுதியிருக்கீங்க. மெதுவாப் போடுங்க." நோயாளிக்கு ஊசி போடும்போது சொல்ற குரலு அது. கையை ஒதறுனேன். மூச்சை விட்டேன். போட்டேன்.

ஆபீசரம்மா அதைக் கடிதாசியோட ஒத்துப் பாத்துட்டு, "ம், இது சரி"ன்னாங்க. பெறகு என் கடிதாசியை அந்தப் பொண்ணோட ஃபைல்ல வச்சுக் கோத்தாங்க. "படிச்ச காலேஜுல நகல் வாங்கிட்டு வாம்மா. பதினஞ்சு நாள் தர்றேன். அதுவரைக்கும் உன் பேரு இருக்கும்"ன்னாங்க. என்னையப் பாத்து, "நீ போ"ன்னாங்க. அந்த 'போ'வுக்கு என்ன அர்த்தம்னு தெரியாம மாட்டுத்தாவணி வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கிட்டே நடந்தேன்.

அந்தப் பொண்ணு பன்னெண்டாவது நாளே நகல் வாங்கிக் குடுத்து, வேலையிலயும் சேந்துருச்சுன்னு வெத்தலைக் கடைப் பெரியவருதான் சொன்னாரு. மேனேஜரு என்னைய வெளிய தள்ளல. அந்த லைனுக்குப் போக வேற ஆள் கெடைக்கல, அதான் காரணம். என் கடிதாசி இன்னும் அந்த ஃபைல்லதான் இருக்கும். ரொம்ப வருசம் ஆபீஸ்ல போன் அடிச்சாலே எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

ஆபீசரம்மாவைப் பாத்துட்டு வந்ததுக்கு அடுத்த வாரம் சோழவந்தான்ல ஒரு வீடு பூட்டியிருந்துச்சு. வாசல்ல கவுந்த கூடை, வெறுங்கூடைதான். பழக்க தோசம், ஷீட்டை வண்டி மேல வச்சுக் கறுப்புப் பேனாவை எடுத்துட்டேன். கை ஆட ஆரம்பிச்சுச்சு, அந்த ஆபீஸ்ல ஆடுன அதே ஆட்டம். பேனாவைப் பையில வச்சுட்டு வாசப்படியில ஒக்காந்தேன். பதினொண்ணரை இருக்கும் அப்ப. ரெண்டு மணிக்குத்தான் அந்த வீட்டம்மா தலையில வெத்தலைக் கட்டோட கொடிக்கால்லருந்து வந்தாங்க. ஒரு நிமிசம் பயந்துட்டாங்க.

"யாருப்பா நீ? என் வீட்டு வாசல்ல என்ன பண்ற?"

"கையெழுத்துக்குத்தான் ஒக்காந்திருக்கேன்மா"ன்னேன்.